ஓசோன் குடையும் ஜொகூர் வெயிலும்

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் சில மாதங்களுக்கு முன் மாலை நேர விளக்கக் கூட்டமொன்று நடைபெற்றது. வெயில் மிகுந்த மாதங்களில் உடல்நலத்தைப் பேணுவது எவ்வாறு என்பதே அன்றைய பொருள். உரை முடிந்து தேநீர் வழங்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். பால் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, கன்றுகளுக்கு உரமிடும் வேலையிலும் சில ஆண்டுகள் இருந்தவர்.

"தம்பி, வானத்துல ஓட்டை விழுந்திருச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்களே, அதனாலதான் என் கண்ணு இப்படி மங்கிப் போச்சா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, அந்த ஓட்டை தென் துருவத்திற்கு மேலே இருக்கிறது, நமக்கு மேலே இல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் கேள்விக்குப் போய்விட்டேன்.

வீடு திரும்பும் வழியில் அந்த விடை மனத்தை உறுத்தியது. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அவர் கேட்டது தம் கண்ணைப் பற்றி. நான் விடை கூறியதோ துருவத்தைப் பற்றி. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தமக்குத் தெரிந்த கேள்விக்கு விடை கூறுவது ஆசிரியர்க்கு எளிதில் வரும் பிழை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு இதனைப் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். அம்மூதாட்டிக்கு அன்று முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டியதை இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

மூன்று மில்லிமீட்டர்க் குடை

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கின்றன. அதே பிராணவாயுவின் மூன்று அணுக்கள் ஒன்றுகூடினால் அது ஓசோன் எனப்படும் வேறொரு வாயுவாகிறது. காற்றுமண்டலத்திலுள்ள ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு தரையிலிருந்து மிக உயரத்தில், பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் பரவியிருக்கிறது. 'ஓசோன் படலம்' என்றவுடன் கூரை போன்ற தடித்த தகட்டைச் சிலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அங்கே அது மிக மிக அருகலாகவே கலந்துள்ளது. அவ்வளவையும் திரட்டித் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால், உலகச் சராசரியாக அதன் பருமன் மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். நாம் தேநீரில் தோய்த்துத் தின்னும் மாரி பிஸ்கட்டின் பருமன்கூட இல்லை!

இந்த மெல்லிய குடையின் கீழ்தான் தரைவாழ் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. கதிரவன் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உள்ளன. அவற்றை விஞ்ஞானிகள் ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்துள்ளனர். சி வகை உயிரணுக்களை அழிக்கும் ஆற்றல் வாய்ந்தது. அதனை ஓசோனும் பிராணவாயுவும் முழுமையாகத் தடுத்துவிடுகின்றன. பி வகையில் பெரும்பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. சிறு பகுதி தரையை அடைகிறது. ஏ வகையோ ஏறக்குறையத் தடையின்றி வந்து சேருகிறது. தோல் கருகுவதற்கும், கண்ணின் வில்லை பழுதடைவதற்கும், தோற்புற்றுநோய்க்கும் முதன்மையான காரணம் பி வகை. ஓசோன் ஒரு விழுக்காடு குறைந்தால், தோலைக் கருக்கும் கதிரின் அளவு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகவே கூடும்.

ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாப்சன். அவர் பெயராலேயே 'டாப்சன் அலகு' என்று இன்றும் கணக்கிடுகிறோம். நூறு டாப்சன் அலகு என்பது ஒரு மில்லிமீட்டர்ப் பருமன். 1920-களின் இறுதியில் அவர் தம் தொடக்ககாலக் கருவிகளை உலகின் சில இடங்களுக்கு அனுப்பி வைத்தார். அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வுக் கூடம். பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்து, ஓசோன் ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். ஓசோன் என்பது மேலைநாட்டார் மட்டும் ஆராய்ந்த பொருள் என்று எண்ண வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் 1998-ஆம் ஆண்டு முதல் சிப்பாங் விமான நிலையப் பகுதியிலிருந்து, ஓசோனை அளக்கும் கருவி பொருத்திய பலூன்கள் வானில் விடப்பட்டு வந்துள்ளன. வெப்பமண்டல நாடுகள் பலவற்றை இணைக்கும் அளவீட்டுத் திட்டம் ஒன்றின் பகுதி அது.

இங்கே விளைகிறது, எங்கோ சேர்கிறது

வெயில் கடுமையாக அடிக்கும் இடத்தில்தான் பிராணவாயு பிளவுபட்டு ஓசோன் உண்டாகிறது. ஆகவே நில நடுக்கோட்டின் மேலுள்ள வானமே ஓசோனின் முதன்மையான விளைநிலம். அப்படியானால் ஜொகூருக்கு மேலேதான் குடை மிகத் தடித்திருக்க வேண்டுமல்லவா? இல்லை. இங்கே அது 250 முதல் 270 டாப்சன் அலகு அளவில்தான் பெரும்பாலும் நிற்கிறது. நடுவெப்ப நாடுகளில் 300-க்கும் 400-க்கும் இடையே காணப்படுவது வழக்கம். காரணம், உயர வானில் ஓயாது நிகழும் மெதுவான காற்றோட்டம். அது நடுக்கோட்டுப் பகுதியில் மேலெழுந்து, ஓசோனைச் சுமந்துகொண்டு துருவங்களை நோக்கிச் செல்கிறது. இவ்வோட்டத்தைக் கண்டு விளக்கியவர்களான பிரூவர், டாப்சன் ஆகிய இருவர் பெயராலும் அது வழங்குகிறது.

தோட்ட மக்களுக்கு இதனை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. பால் இங்கே வெட்டப்பட்டது. கப்பலேறிப் போய் டயராக உருண்டது வேறு நாட்டுச் சாலையில். ஓசோனும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

ஓட்டையின் கதை

இனி ஓட்டைக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் குளிர்பதனப் பெட்டிக்கு ஏற்ற புதிய வாயு ஒன்றை உருவாக்கினர். தீப்பற்றாது, நஞ்சில்லை, மணமில்லை. குளோரோ புளோரோ கார்பன் என்னும் இந்த வகைப் பொருள்கள் குளிர்பதனப் பெட்டி, வாகனக் குளிரூட்டி, மெத்தை நுரை, தெளிப்புக் குப்பி என எங்கும் புகுந்தன. 1974-இல் மொலினா, ரோலண்டு ஆகிய இரு விஞ்ஞானிகள், எதனோடும் சேராத இந்த வாயு உயர வானை அடைந்து, அங்குள்ள கடுமையான கதிரால் சிதைந்து குளோரின் அணுவை வெளிவிடும் என்றும், அக்குளோரின் ஓசோனை அழிக்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டினர். ஒரே குளோரின் அணு தான் செயலிழக்கும் முன்னர் ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை உடைத்துவிடக் கூடும்.

இவ்விடத்தில் ஒரு தமிழரைப் பற்றிக் கூறாமல் செல்ல மனமில்லை. சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதன், படிப்பு முடிந்ததும் செக்கந்தராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். பெட்டியிலிருந்து அந்த வாயு ஏன் கசிகிறது என்பதைக் கண்டறிவது அவர் பணி. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியாளரானார். 1975-இல் அதே வாயு உலகைச் சூடேற்றவும் வல்லது, அதன் ஒரு மூலக்கூறு கரியமிலவாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று எழுதினார். கசிவை அடைக்கச் சம்பளம் வாங்கியவர், கசிந்த வாயு எங்கே போயிற்று என்பதையும் கண்டுபிடித்தார்.

1985-இல் தென் துருவக் கண்டத்திலுள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர், அங்கு ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதை வெளியிட்டனர். கடுங்குளிரில் உண்டாகும் பனி மேகங்களின் மேற்பரப்பில் குளோரின் வீரியம் பெறுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கதிரவன் திரும்பியதும் அழிவு தொடங்குகிறது. 220 டாப்சன் அலகுக்குக் கீழே போன பகுதியைத்தான் 'ஓட்டை' என்கிறோம். உண்மையில் அது ஓட்டையன்று. மிக நைந்துபோன துணி.

1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலேசியா 1989-இல் அதில் சேர்ந்தது. குளோரோ புளோரோ கார்பன்களை வளரும் நாடுகள் 2010-ஆம் ஆண்டோடு நிறுத்தின. பயிர்த்தொழிலில் புகையூட்டப் பயன்பட்ட மீத்தைல் புரோமைடும் பின்னர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று பெரும்பாலும் ஏற்றுமதிச் சரக்கின் நோய்த்தடுப்புக்கு மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. பழைய குளிரூட்டிகளில் இருக்கும் ஆர்-22 போன்ற வாயுக்களும் 2030-ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் விலக்கப்பட வேண்டியவை. ஆதலால் பழுதுபார்க்க வருபவர் குழாயைத் திறந்து வாயுவைக் காற்றில் விட்டால், அதைச் சேகரிக்கும் கருவி எங்கே என்று கேட்பதற்கு வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு.

உடன்படிக்கை பலன் தந்துள்ளது. 2022-ஆம் ஆண்டின் உலக விஞ்ஞான மதிப்பீட்டின்படி, இப்போதைய நெறி தொடர்ந்தால், தென் துருவத்தில் ஏறத்தாழ 2066-இலும், வட துருவத்தில் 2045-இலும், உலகின் பிற பகுதிகளில் 2040-இலும் ஓசோன் 1980-ஆம் ஆண்டின் நிலையை மீண்டும் எட்டும். இடையில் ஒரு களவும் நடந்தது. விலக்கப்பட்ட வாயு ஒன்று மீண்டும் பெருகுவதை 2018-இல் விஞ்ஞானிகள் கண்டனர். அதில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதாக மறு ஆண்டு தெரியவந்தது. பின்னர் அது குறைந்தது. காற்றையே அளந்து கள்ளச் சரக்கைக் கண்டுபிடித்தார்கள் என்பது வியப்புக்குரியது.

உடன்படிக்கையே இல்லாமல் போயிருந்தால்? 2009-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணினி கொண்டு அதைக் கணக்கிட்டுப் பார்த்தனர். 2065-ஆம் ஆண்டுக்குள் உலக ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருக்கும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கில், நமக்கு மேலேயுள்ள வெப்பமண்டல வானமும் தப்பவில்லை.

நமக்கு மேலே நடப்பது என்ன?

சென்ற நூற்றாண்டின் இறுதியில் துருவங்களில் ஓசோன் பெரிதும் குறைந்தபோதும், நடுக்கோட்டுப் பகுதியில் மொத்த ஓசோன் அளவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. இவ்வளவில் மூதாட்டிக்கு நான் கூறிய விடை சரியே. ஆனால் நம் குடை தொடக்கத்திலிருந்தே மெல்லியது. அதன்மேல், கதிரவன் நமக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறான். கதிர்கள் சாய்வாக வரும்போது ஓசோனுக்குள் நெடுந்தொலைவு கடந்து வர வேண்டும். நேராக வரும்போது குறுக்குவழி. ஆகவே உலகிலேயே புற ஊதாக் கதிர் ஆண்டு முழுவதும் மிகுந்திருக்கும் பகுதிகளுள் நம் நாடும் ஒன்று.

இக்கதிரின் கடுமையை 'புற ஊதாக் குறியீடு' என்ற எண்ணால் குறிப்பிடுகின்றனர். 0 முதல் 2 வரை குறைவு. 3 முதல் 5 வரை நடுத்தரம். 6, 7 உயர்வு. 8 முதல் 10 வரை மிக உயர்வு. 11-க்கு மேல் மிகக் கடுமை. இலண்டனில் கோடைக்கால நண்பகலில் 7 அல்லது 8 வந்தாலே அறிவிப்புச் செய்கிறார்கள். மேகமற்ற நண்பகலில் ஜொகூர் பாருவில் 11-ஐத் தாண்டுவது அரிதான நிகழ்ச்சியன்று. நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில் மணிக்கு மணி இக்குறியீட்டை வெளியிடுகிறார்கள். தென் ஜொகூர் வாசகர்கள் அதனைத் தமக்கும் ஏறக்குறையப் பொருந்துவதாகக் கொள்ளலாம்.

கருவி ஏதுமின்றி இதனை அறிய ஒரு வழி உண்டு. ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சமதரையில் நிமிர்த்தி நடுங்கள்; பள்ளிப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். நிழல் குச்சியைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையான நேரம். ஜொகூர் பாரு நடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே உள்ளது. எனவே மார்ச்சு 24-ஆம் நாளையொட்டியும் செப்டம்பர் 19-ஆம் நாளையொட்டியும் உச்சி வேளையில் குச்சிக்கு நிழலே இராது. டிசம்பர் 22-இல் நிழல் 47 சென்டிமீட்டர் இருக்கும். அப்போதும் குச்சியின் பாதியை எட்டவில்லை. ஆண்டில் எந்த நாளிலும் நம் நண்பகல் 'குட்டை நிழல்' நண்பகலே.

உச்சி வேளை எது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. ஆதலால் ஜொகூரில் கதிரவன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று. பகல் ஒரு மணியளவில். மார்ச்சு மாத இறுதியில் அது 1.10. அம்மாதத்தில் குட்டை நிழல் காலை 10.10-க்குத் தொடங்கி மாலை 4.10 வரை நீடிக்கிறது. "பன்னிரண்டு மணி வெயில் போய்விட்டது, இனிமேல் பயமில்லை" என்று இரண்டு மணிக்குக் களத்தில் இறங்குவோர், உண்மையில் உச்சி வெயிலிலிருந்து ஒரு மணி நேரங்கூடத் தள்ளி நிற்கவில்லை.

சூடு வேறு, கதிர் வேறு

புற ஊதாக் கதிரைத் தோல் உணராது. உடலில் சுடுவது வேறு வகைக் கதிர். காற்று வீசும் தெசாரு கடற்கரையில் 'இன்று வெயிலே இல்லை' என்று விளையாடும் பிள்ளைகள், மாலையில் தோள் எரிகிறது என்று அழுவது இதனால்தான். மெல்லிய மேகம் பெரும்பகுதிக் கதிரை உள்ளே விட்டுவிடும். வெண்மணல் 15 விழுக்காட்டையும், கடல் நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அடிக்கும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் கதிர் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடும். ஆகவே குனோங் லேடாங் ஏறுவோருக்கும், கேமரன் மலையில் தேயிலை பறிப்போருக்கும் குளிர்ச்சி ஒரு காப்பு ஆகாது.

தோல்

நம் தோலிலுள்ள கருநிறமி பெரிய கொடை. வெள்ளையரோடு ஒப்பிட்டால் தோற்புற்றுநோய் நம்மிடையே மிகக் குறைவு. இதனை மறைத்து அச்சுறுத்துவதில் பயனில்லை. ஆயினும் அக்காப்பு முழுமையானதன்று. ஆண்டுக் கணக்கான வெயில் தோலைத் தடிக்கச் செய்யும், சுருக்கும், நோய் எதிர்ப்பாற்றலையும் சிறிது குன்றச் செய்யும். பிறவியிலேயே நிறமி இல்லாதோருக்கும், வெண்புள்ளி உள்ளோருக்கும் இக்காப்பு கிடையாது. அத்தகைய பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், விளையாட்டுப் போட்டி நாளில் அதனை நிழலில் அமர்த்துவது ஆசிரியரின் கடமை. ஆறாத புண்ணோ, வடிவம் மாறும் மச்சமோ தோன்றினால் யாராயினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழில் நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 160 கோடிப் பேர் வேலையின் பொருட்டு வெயிலில் நிற்கின்றனர். அதன் விளைவான தோற்புற்றுநோயால் 2019-இல் ஏறத்தாழ 19,000 பேர் இறந்தனர்.

தோட்டங்களில் அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகளையும் இங்கே சேர்க்க வேண்டும். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு வழங்கப்படும் டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள், உட்கொள்ளும் நாள்களில் தோலை வெயிலுக்கு எளிதில் கருகச் செய்யும். எலுமிச்சைச் சாறு பட்ட கையைக் கழுவாமல் வெயிலில் நின்றாலும் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும். இவ்விரண்டும் பல வேளைகளில் 'பூச்சிக்கடி' என்று தவறாக எண்ணப்படுகின்றன.

கண்

நம் மக்களுக்குத் தோலைவிடக் கண்ணே பெரிய கவலை. கருந்தோல் உடையவர் என்பதற்காகக் கண்வில்லை தனிக் காப்புப் பெறுவதில்லை. வில்லை தெளிந்த புரதத்தால் ஆனது. பி வகைக் கதிரை உறிஞ்சி உறிஞ்சி அப்புரதம் சிதைகிறது. முட்டையின் வெண்கரு வேகும்போது வெளுப்பதுபோல் மெல்ல மங்குகிறது. அதுவே கண்புரை. முட்டை ஐந்து நிமிடத்தில் வெளுக்கிறது. கண்ணுக்கு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதனால்தான் காரணத்தை எவரும் வெயிலோடு இணைத்துப் பார்ப்பதில்லை.

இதற்குத் தக்க சான்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிடைத்தது. செசாப்பீக் விரிகுடாவில் சிப்பி, நண்டு பிடித்துப் பிழைக்கும் 838 தொழிலாளரை ஆராய்ந்து, 1988-இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டுகள், எந்த நேரத்தில், தொப்பியோடா தொப்பியின்றியா வேலை செய்தார் என்று கேட்டறிந்து கதிரின் அளவைக் கணக்கிட்டனர். வாழ்நாளில் பெற்ற பி வகைக் கதிர் இருமடங்கானால், வில்லையின் புறப்பகுதியில் தோன்றும் கண்புரையின் வாய்ப்பு 1.6 மடங்காவது தெரிந்தது. அத்தொழிலாளரின் நாளும் நம் தோட்டத் தொழிலாளரின் நாளும் மிக வேறுபட்டவையல்ல; மேரிலாந்தின் கதிரவன் மட்டும் நம்முடையதைவிடச் சாதுவானவன்.

ஆயினும் எல்லாப் பழியையும் வெயிலின்மேல் சுமத்தலாகாது. முதுமை, நீரிழிவு, புகைபிடித்தல், நீண்ட நாள் உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியனவும் கண்புரைக்குக் காரணம். மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதைச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. கண்புரையால் பார்வையிழந்தோருள் பத்து விழுக்காட்டினர் வரை வெயிலால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பத்தில் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆனால் முதுமையைத் தடுக்க இயலாது; இதனைத் தடுக்கலாம்.

மற்றொன்று, மூக்கோரத்து வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கி வளரும் சதை. வெளிவேலை செய்வோரிடம் இது அதிகம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைக் கருவிழி வளைத்து மூக்கோரத்தில் குவிப்பதே அது அப்பக்கம் தோன்றக் காரணம் என்று கருதப்படுகிறது. எனவே முன்பக்கம் மட்டும் மறைக்கும் சிறு கண்ணாடி போதாது. பக்கங்களையும் மறைப்பது நல்லது. கறுப்பாக இருப்பதனாலேயே ஒரு கண்ணாடி காப்பாற்றும் என்றும் நம்பக் கூடாது. கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, பாவையை விரியச் செய்து கூடுதல் கதிரை உள்ளே அனுப்பும். இரவுச் சந்தையில் வாங்கும்போது நிறத்தைப் பாராமல், புற ஊதாக் கதிர் 400 நானோமீட்டர் வரை தடுக்கப்படுகிறது என்ற குறிப்பைப் பாருங்கள்.

விலை குறைந்த காப்பு அகன்ற விளிம்புள்ள தொப்பி. கண்ணுக்கு வரும் கதிரை ஏறக்குறையப் பாதியாக அது குறைக்கும். தலையில் கட்டும் துண்டு உச்சியைக் காக்குமேயன்றி கண்ணைக் காக்காது. துண்டின்மேல் தொப்பி அணிவதே சிறந்தது.

வேலைக்கு வேலை வேறுபாடு

பால்வெட்டு இருள் பிரியுமுன் தொடங்குவது, குளிர்ந்த வேளையில் பால் நன்கு வடியும் என்பதற்காக. கண்ணுக்கும் தோலுக்கும் அதனால் கிடைத்த நன்மை எவரும் திட்டமிடாதது. மரங்களின் நிழலும் துணை. ஆனால் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களையொட்டிப் பால் மரம் இலையுதிர்க்கிறது. கதிரவன் தலைக்கு நேரே வரும் அதே காலத்தில் நிழல் இல்லாமற் போகிறது! இலையுதிர்ந்த காட்டில் நண்பகலில் பால் சேகரிப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

முதிர்ந்த செம்பனைக் காட்டில் நிழல் உண்டு. ஆயினும் குலை வெட்டுவோர் நீண்ட கழியைப் பிடித்தபடி வானத்தை அண்ணாந்தே நிற்கின்றனர். புருவமும் மேலிமையும் நமக்கு இயற்கை தந்த கூரை. அண்ணாந்தால் அக்கூரை பயனற்றுப் போகிறது. பக்கங்களை மூடும் தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடி, விழும் தூசியையும் கதிரையும் சேர்த்தே தடுக்கும். மிகக் கடுமையான இடம் மறுநடவுக் காடு. கன்றுகள் தலைக்குமேல் வளரும்வரை அங்கே ஒரு முழ நிழலும் கிடையாது. உரமிடுவோரும் களையெடுப்போரும் பெரும்பாலும் பெண்கள், அல்லது அண்மைக் காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களுடைய கண்களும் கண்களே. பெரட்டில் வேலை பிரிக்கும்போது, திறந்த காட்டு வேலையைக் காலை பத்து மணிக்குள்ளும் நிழற்காட்டு வேலையை அதன் பின்னரும் அமைக்க முடியுமா என்று நிர்வாகத்தினர் எண்ணிப் பார்க்கலாம். செலவில்லாத மாற்றம் இது.

தோட்டத்தை விட்டு வெளியேறித் தொழிற்சாலையிலும் அடுக்ககத்திலும் வாழும் நம் பெண்களுக்கு நிலைமை தலைகீழ். வெயிலே படாமல் 'டி' உயிர்ச்சத்துக் குறைவால் எலும்பு வலி வந்து அவதியுறுகின்றனர். இச்சத்தைத் தோலில் உண்டாக்குவதும் அதே பி வகைக் கதிர்தான். முற்பகல் ஒன்பது, பத்து மணியளவில் கைகால்களில் கால் மணி நேர வெயில் படுவது நன்று. மத்தி, கெம்போங் போன்ற மீன்களும் முட்டையும் துணை புரியும். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து காயும் வெயிலில் இச்சத்து உண்டாகாது; கண்ணாடி பி வகையைத் தடுத்துவிடும்.

கீழே வேண்டாத ஓசோன்

உயரத்தில் காப்பாகும் ஓசோன், நாம் மூச்சு வாங்கும் உயரத்தில் உண்டானால் நஞ்சு. வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் கலந்து பிற்பகலில் அதனை உண்டாக்குகின்றன. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது தீங்கானது. லார்க்கின், பாசிர் கூடாங் முதலிய இடங்களிலுள்ள நிலையங்கள் காட்டும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் இவ்வோசோனும் கணக்கிடப்படுகிறது. கீழே கூடிய ஓசோன் மேலே ஏறிக் குடையைத் தைத்துவிடும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார், அது நடவாது. வெளிப்பட்ட இடத்திலேயே சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் பெரும்பாலும் அது அழிந்துவிடும்.

உயர வானின் குடை பற்றி இன்னும் ஒரு செய்தி. புவி சூடேறச் சூடேற, ஓசோனைத் துருவத்துக்குச் சுமந்து செல்லும் அந்தக் காற்றோட்டம் விரைவு பெறும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கின்றனர். துருவங்களில் குடை தடிக்கும்போது, நடுக்கோட்டு வானில் ஓசோன் இந்நூற்றாண்டின் இறுதியில் 1980-ஆம் ஆண்டின் நிலைக்குச் சற்றுக் கீழே நிற்கக்கூடும். மாண்ட்ரியலில் அடைத்த கதவு ஒன்று. இது வேறொரு கதவு. இராமநாதன் 1975-இல் சுட்டிக்காட்டிய உறவு இப்போது நம் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது.

சென்ற மாதம் மீண்டும் அத்தோட்டத்துக்குச் சென்றபோது, மூதாட்டியின் இல்லத்திற்குப் போய் இவற்றையெல்லாம் சுருக்கமாகக் கூறினேன். அவருக்கு நீரிழிவும் இருந்தது. ஆகவே வெயிலுக்கு எத்தனை பங்கு, சர்க்கரைக்கு எத்தனை பங்கு என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது என்பதையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். மருத்துவமனையில் வலக்கண்ணுக்கு அறுவை செய்து புதிய வில்லை வைத்துவிட்டார்களாம். இடக்கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பேரன் செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குப் போகிறானாம். "அந்தப் பக்கம் மூடுற கண்ணாடி எங்க கிடைக்கும், தம்பி?" என்று கேட்டு, முகவரியை என் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.